மேலத்தெரு அடிபம்பு

சென்ற மாதம் என் பழைய நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்திருந்தார். நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது அமர்ந்திருப்பவர் அவர். வளர்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்னும் நீண்ட பெயரை என்னைப் போலவே சுமப்பவர். ஊழியர்களுக்காக அச்சிடும் மலருக்கு என் பணிக்கால அனுபவம் ஒன்றை எழுதித் தரவேண்டும் என்று கேட்டார். பேச்சினிடையே சட்டைப்பையிலிருந்து கறுப்பு ரப்பர் வளையம் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கிண்ணம்போல் குழிந்திருந்தது. அடிபம்புக்குள் போடும் வாஷர்.

"இப்ப எல்லாம் இதுதான் ஐயா. தோல் வாஷர் அடியோட நின்னுபோச்சு. அந்தக் காலத்துச் சிக்கல் ஒண்ணும் இனி வராது" என்றார்.

மாட்டுகிறவர் யார் என்று கேட்டேன். யார் மாட்டினால் என்ன என்று அவர் வியந்தார். விடையை எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். அந்த விடை இது.

நான் இந்தப் பணிக்குத் தற்செயலாக வந்தவன். விடியுமுன் ஆற்றில் முழுகி, நீறணிந்து, பதிகம் ஓதிய பின்னரே வாய்க்கு வேறு சொல் தரும் குடும்பத்தில் பிறந்தேன். எங்களுக்கிருந்த வயல்கள் தந்தையார் காலத்திலேயே கைமாறிவிட்டன, எஞ்சியது பாட்டு. கூட்டுறவுப் பண்டகசாலையில் எழுத்தராக இருந்தேன். அது மூடப்பட்டபின் பாளையங்கோட்டையை அடுத்த வண்ணார்பேட்டையில் இயங்கிய ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்ந்தேன். பயிற்சிக்கு மதுரைப் பக்கம் அனுப்பினார்கள். வட்டமாக உட்கார்ந்து பேசவும், தரையில் கோலப்பொடியால் ஊர்ப்படம் வரையவும், பிறர் பேசும்போது வாய்மூடி இருக்கவும் சொல்லித் தந்தார்கள். கடைசியாகச் சொன்னதுதான் பிற்காலத்தில் கைகொடுத்தது.

ஒருங்கிணைப்பாளர் என்பவன் எதையும் தன் கையால் செய்யமாட்டான். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டியவன் மட்டும் அவன்தான். பல ஊர்களில் புகையில்லா அடுப்பு கட்டிக்கொடுத்தோம். ஓராண்டு கழித்துப் போய்ப் பார்த்தால் அதில் கோழி அடைகாத்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் பழைய மண்ணடுப்பு புகைந்துகொண்டிருக்கும். "கோழிக்கு நல்லா ஒதுக்குப்புறமா இருக்கு சார்" என்று நன்றி சொல்வார்கள். சலிப்பு இப்படி வரும். நிறைவு வேறு விதமாக வரும். தெற்கே, கூடங்குளத்துக்குப் போகும் வழியிலுள்ள ஒரு வறண்ட சிற்றூரில் மழைநீர்த் தொட்டி அமைத்தோம். முதல் மழைக்குப் பின் நான் போனபோது ஒரு பெண்மணி என்னை உள்ளே விடவில்லை. வாசலில் நிறுத்திவைத்துக் குடம் நிறையத் தண்ணீர் கொண்டுவந்தார். "கால் கழுவிட்டு வாங்க. எங்க ஊருல வந்தவுகளுக்குக் கால் கழுவத் தண்ணி குடுத்ததே இல்ல" என்றார். அந்தத் தண்ணீர் காலில் பட்டபோது எனக்குச் சன்னதியில் நிற்பதுபோல் இருந்தது. இத்தகைய ஒரு குடத்துக்காக எத்தனையோ கோழிகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

எங்கள் இயக்குநர் ஞானம்மாள், பாளையங்கோட்டையில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர். வெள்ளைச் சேலை, ஆண்கள் கட்டும் பெரிய கைக்கடிகாரம், எக்காலத்தும் ஒரு குடை. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறித்தவர். என் நெற்றி நீற்றை ஒருமுறையும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. என்னைச் 'சார்வாள்' என்று அழைப்பார். அலுவலகம் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது. கீழே பேருந்துகள் ஓயாமல் ஒலியெழுப்பித் திரும்பும். அம்மையார் அந்த இரைச்சலுக்கு மேல் குரல் உயர்த்தமாட்டார். அது ஓயும்வரை காத்திருந்து, விட்ட சொல்லிலிருந்து தொடருவார். யார் என்ன செய்தி கொண்டுவந்தாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: "பார்த்ததா, கேட்டதா?" கேட்டது என்றால் சொன்னவர் நின்றுகொண்டே இருக்கவேண்டியதுதான். பார்த்தது என்றால் எதிரிலிருக்கும் நாற்காலியைக் கைகாட்டுவார். அந்த நாற்காலியில் உட்கார எனக்கு நெடுநாள் ஆயிற்று.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆற்றோர ஊர்களில் நீர் மேலாகவே கிடைக்கும் என்பதால் தெருதோறும் சிறிய அடிபம்புகள் இருந்தன. பழுதானால் டவுனிலிருந்து ஒரு மெக்கானிக் வரவேண்டும்; அவர் மனம் வைக்கும்போதுதான் வருவார். அந்தந்த ஊர்ப் பெண்களுக்கே பம்பு வேலை கற்றுக்கொடுப்பது என்று அம்மையார் முடிவு செய்தார். முதலில் கற்றுத் தேறியவர் பேச்சியம்மாள். சேரன்மகாதேவிக்கு அருகே கால்வாய் பாயும் ஓர் ஊர். அவ்வூரின் பெயர் இங்கு வேண்டியதில்லை. கால்வாய்க்கு இக்கரையில் மேலத்தெரு. அக்கரைத் தெருவில் அவர் குடியிருந்தார். சிறுவயது முதல் பீடி சுற்றி, புகையிலைத் தூசி நெஞ்சில் தங்கி, வாக்கியத்துக்கு ஓர் இருமலுடன் எங்களிடம் வந்தவர். பம்பு வேலை தொடங்கிச் சில மாதங்களில் இருமல் அடங்கியது. மறுபடியும் பீடித்தட்டை மடியில் வைக்கக்கூடாது என்பதே அவருடைய ஒரே வேண்டுதல். அவர் நிலைத்தால் அடுத்த அணிப் பெண்களுக்குப் பயிற்சி தொடங்கும். அவர் தவறினால் திட்டம் அத்தோடு நிற்கும் என்று நன்கொடை தருவோர் சொல்லியிருந்தார்கள். இது அவருக்கும் தெரியும்.

பழுது பார்ப்பதற்கு அம்மையார் ஒரு முறை வகுத்திருந்தார். பம்பு மேடையருகே சாக்கை விரித்து, உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தெரு பார்க்கப் பரப்பவேண்டும். தேய்ந்ததைக் காட்டவேண்டும், புதியதைக் காட்டவேண்டும், அதன்பிறகே மாட்டவேண்டும். உள்ளே தண்டின் அடியில் பொருந்தும் கிண்ண வடிவ வாஷர் அக்காலத்தில் தோலால் ஆனது. விளக்கெண்ணெயில் ஊறவைத்து மாட்டுவார்கள். எல்லாம் மாட்டியபின் மேல்வாயில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டே அடித்தால்தான் பம்பு நீரைப் பிடிக்கும். அந்த ஒரு செம்பைத் தெருவில் யாரேனும் தரவேண்டும்.

பேச்சியம்மாள் அதைத் தெருக்காரரிடம் கேட்பதில்லை. ஒரு பிளாஸ்டிக் கேனில் கால்வாய்த் தண்ணீரைத் தாமே சுமந்து போவார். காரணம் கேட்டேன். "கேட்டாக் குடுப்பாக சார்வாள். குடுத்தபொறவு அந்தச் செம்ப என்ன செய்யன்னு முழிப்பாக. அவுகளுக்கு எதுக்கு வீண் சங்கடம்?" என்று சிரித்தார்.

மேலத்தெருப் பம்பு ஓடவில்லை என்று அஞ்சலட்டை வந்தது. பேச்சியம்மாள் போய்த் திறந்தார், வாஷரைக் காணோம். அது இருந்த இடத்தில் நைந்த துணி சுற்றியிருந்தது. புது வாஷர் மாட்டினார். சில நாளில் மீண்டும் அஞ்சலட்டை, மீண்டும் துணி. மூன்றாம் முறையும் அவ்வாறே ஆனபோது எங்கள் பண்டகக் காப்பாளர் வாய் திறந்தார். அவள் வாஷரை மாட்டுவதே இல்லை, துணியைச் சுற்றிவிட்டு வாஷரைத் தனியாரின் பம்புகளுக்கு விற்கிறாள் என்றார். "இல்லன்னா வாஷரக் காக்காயா தூக்கிட்டுப் போகுது?" என்று கேட்டார். அலுவலகத்தில் சிலர் சிரித்தார்கள். பேச்சியம்மாள் வாசற்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் அழவில்லை. "பம்புக்கு என் கை பிடிச்சிருக்கு சார்வாள். தெருவுக்குத்தான் பிடிக்கல" என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். போகும்போது படிக்கட்டில் அந்தப் பழைய இருமல் கேட்டது.

அம்மையார் காப்பாளரைக் கேட்டார்: "பார்த்ததா, கேட்டதா?" அவர் நின்றுகொண்டே இருந்தார். அம்மையார் என் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்துட்டு வாங்க சார்வாள். அதுவரைக்கும் பேச்சி வேலையில இருக்கட்டும். நீங்க பார்த்ததுதான் முடிவு."

என்னை அனுப்பக் காரணம் இருந்தது. அந்த மேலத்தெருவில்தான் என் அக்காள் கோமதி வாழ்க்கைப்பட்டிருந்தாள். எங்கள் வீட்டில் பண்ணோடு பாடக்கூடியவள் அவள் ஒருத்தியே. தந்தையார் ஒரு பதிகத்தைத் தொடங்கிவிட்டு அடி மறந்து நின்றால், அடுக்களையிலிருந்து அவள் குரல் அடியை எடுத்துக்கொடுக்கும். வாழ்நாளில் அவள் ஒரு பொய் சொல்லி நான் அறியேன்.

நான் போன நாளில் காலையிலேயே பேச்சியம்மாள் வந்துவிட்டார். நான் மேடையருகே நின்று பார்த்தேன். சாக்கை விரித்தார். மூடி, பிடி, தண்டு எல்லாம் வரிசையாக இறங்கின. நைந்த துணியை எடுத்து எனக்கும் தெருவுக்கும் காட்டினார். எண்ணெய் சொட்டும் தோல் வாஷரைக் கையில் தூக்கிப் பிடித்துக் காட்டி, என் கண்முன் மாட்டினார். கேன் தண்ணீரை ஊற்றி அடித்தார். தண்ணீர் கொட்டியது. என் வேலை முடிந்தது என்றே நினைத்தேன். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போனார்.

அக்காள் வீட்டில் இலை போட்டார்கள். அப்போது அவள் மருமகள் ஆற்றிலிருந்து குடத்தோடு மூச்சிரைக்க வந்தாள், நிறைமாதம் அவளுக்கு. வாசலிலேயே பம்பு ஓடும்போது இவளை ஏன் ஆற்றுக்கு அனுப்பினாய் என்று கேட்டேன். "பம்பு இன்னும் சுத்தமாகல தம்பி, பொறவு எடுத்துக்கிடலாம்" என்றாள் அக்காள். துரு ஏதோ வருகிறதுபோலும் என்று எண்ணிக்கொண்டு உண்டேன்.

உண்டபின் கூடத்தில் சற்றே சாய்ந்தேன். தெருவில் இரும்போடு இரும்பு உரசும் ஓசை கேட்டது. எழுந்து சன்னல் வழியே பார்த்தேன். உச்சி வெயில். பம்பு மேடையில் அக்காளின் கொழுந்தன் மகன், அரிசி ஆலையில் வேலை பார்ப்பவன், ஸ்பேனர் கொண்டு மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தான். அக்காள் அருகில் நின்றாள், முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி. அவன் தண்டை உருவினான். அடுப்புக் கிடுக்கியால் வாஷரைப் பற்றி இழுத்தான். கையில் படாமல் கொண்டுபோய்த் தெருக்கோடிச் சாக்கடையில் போட்டான். அக்காள் மஞ்சள் கரைத்த தண்ணீரைத் தண்டின்மேல் மூன்று முறை ஊற்றினாள். பிறகு விளக்குத்திரிக்கு வைத்திருக்கும் தூய வெள்ளைத் துணியைக் கிழித்துக் கொடுத்தாள். அவன் அதைத் தண்டில் இறுகச் சுற்றினான்.

அவர்கள் செய்த செயல் ஒருபுறம் இருக்க, அதை அவர்கள் செய்த விதம் என்னை உறையச் செய்தது. யாரும் ஒளியவில்லை. எதிர்வீட்டுக்காரர் செய்தித்தாள் விரித்திருந்தார்; நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஈரத்தலை துவட்டிக்கொண்டிருந்த ஒரு பெண், "நல்லா இறுக்கிச் சுத்து. போன தடவ நாலு நாள்கூட நிக்கல" என்றாள். வாசல் தெளிப்பதுபோல், கோலம் போடுவதுபோல், அது அந்தத் தெருவின் வழக்கமாகியிருந்தது. துணி நைந்து பம்பு நின்றதும், கள்ளமற்ற மனத்தோடு எங்களுக்கு அஞ்சலட்டை எழுதியவர்களும் இவர்களே.

அக்காள் கைகழுவிவிட்டு உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று கேட்டாள்.

நான் கேட்டதற்கு அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. தோல் என்று கண்ணால் பார்த்தபின் அதில் வரும் தண்ணீரை எப்படிக் குடிப்பது என்றாள். அதனால்தான் கழற்றச் சொன்னதாகவும், தெருவில் எல்லோருக்கும் அது சம்மதம் என்றும் சொன்னாள். அந்தத் திருட்டுப் பழி இப்போது பேச்சியம்மாள் தலையில் விழுந்திருக்கிறது என்றேன். அவள் முகம் மாறியது.

"திருடினான்னா சொல்லுதாக? நாங்கல்லா தூரப் போட்டோம். எந்தப் பாவி சொன்னான்? நான் ஒங்க ஆபீசுக்கு வந்து சொல்லுதேன். அவ திருடல."

"சொன்னால் போதுமா அக்கா? வாஷர் இல்லாமல் பம்பு நிலைத்து ஓடாதே."

"ஓடாட்டிப் போகட்டும். அவ திருடலன்னு சத்தியம் பண்ணுதேன். தோலு வேண்டாம்னும் சொல்லுதேன். ரெண்டும் நெசந்தான?"

எனக்கு வாதம் செய்ய வேறு வழி தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவான இடத்தில் போய் நின்றேன். புலித்தோலை அரைக்கு அசைத்தவனை, யானையின் ஈரத்தோலை மேலே போர்த்தவனை நாம் நாள்தோறும் பாடுகிறோமே, அந்தத் தோல் நமக்கு அருவருப்பாக இல்லையே என்றேன்.

அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "சாமி சுடுகாட்டுலயும்தான் ஆடுதார். நீ அங்கன குடியிருப்பியா?"

"கோயில் மேளம்?"

"மேளத்தக் கேக்கோம். குடிக்கோமா?"

அவளிடம் பேசி வெல்ல எங்கள் குடும்பத்தில் யாராலும் முடிந்ததில்லை. கடைசியாக ஒன்று கேட்டேன். டவுன் மெக்கானிக் ஆண்டுக்கணக்காகப் போட்டதும் இதே தோல்தான். அவரே நாளைக்கு வந்து, பேச்சியைப்போலச் சாக்கு விரித்து, இதே வாஷரைத் தூக்கிக் காட்டிவிட்டு மாட்டினால் கழற்றுவாயா?

அக்காள் சன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே துணி சுற்றிய பம்பை யாரோ அடிக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. "அவன்னா... விட்டிருவோமோ என்னமோ" என்றாள். சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள்போல் என்னைப் பார்த்தாள். பின்பு எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

அன்று மாலை எனக்குப் பதிகம் வரவில்லை. அடிகள் எல்லாம் நினைவிருந்தன. வாய் தொடங்க மறுத்தது. நான் கற்ற பாட்டெல்லாம் அவளிடம் கற்றது. பேச்சிமேல் விழுந்த பழியை நீக்கச் சத்தியம் செய்யத் துணிந்தவளும், பேச்சியின் கை பட்டதைக் கிடுக்கியால் எடுக்கச் சொன்னவளும் ஒருத்தியே என்பது எனக்குள் எங்கும் பொருந்தவில்லை.

மறுநாள் அம்மையார் முன் நின்றேன். பேருந்து இரைச்சல் ஓயும்வரை காத்திருந்து வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"பார்த்தேன், கேட்டேன். செய்தவள் என் உடன்பிறந்த அக்காள்" என்றேன்.

அவர் நாற்காலியைக் காட்டினார். "அது மூணாவது சார்வாள். நான் ரெண்டுதான் கேட்டேன்" என்றார்.

நடந்தது முழுவதையும் சொன்னேன். அவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கண்முன் பரப்பிக் காட்டவேண்டும் என்னும் முறையை வகுத்தவர் அவர். டவுன் மெக்கானிக் காட்டாமல் மாட்டியவரையில் அந்தத் தெரு குடித்தது. காட்டி மாட்டியதும் குடிக்கவில்லை. அதை நான் சொல்லவில்லை, சொல்லவேண்டியும் இருக்கவில்லை. முறையை மாற்றிவிடலாமா, வாஷரை மூடி வைத்து மாட்டச் சொல்லலாமா என்று மட்டும் கேட்டேன். "அப்போ பேச்சிதான் ஒளிஞ்சு வேலை செய்யணும். அவ ஏன் ஒளியணும்?" என்றார்.

கோடை முற்றிக் கால்வாயில் தண்ணீரை நிறுத்திவிட்ட ஒரு நாளில் அம்மையாரே மேலத்தெருவுக்கு வந்தார். துணி சுற்றிய பம்பு வழக்கம்போல் நின்றுபோயிருந்தது. ஆற்றிலும் நீர் நடுமணலில் நூலாக ஓடியது. பெண்கள் ஊற்றுத் தோண்டி அகப்பையால் மொண்டுகொண்டிருந்தார்கள். அம்மையார் குடையை மடக்கினார். தெரு கேட்கும்படி, ஆனால் குரல் உயர்த்தாமல் பேசினார். பேச்சியம்மாள் எதையும் திருடவில்லை என்பதை இந்தத் தெருவைச் சேர்ந்தவர்களே சொல்லிவிட்டார்கள், அது முடிந்தது. வாஷர் தோலில்தான் கிடைக்கிறது. வேண்டாம் என்பவர் இப்போது சொல்லலாம்; பம்பைப் பிடுங்கி அக்கரைத் தெருவில் நட்டுவிடுவோம், அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வேண்டுமென்றால் மாட்டிவிட்டுப் போகிறோம். பிறகு யாரும் திறக்கக்கூடாது.

ஒருவரும் பேசவில்லை. அந்த ஊரில் பேசாமல் இருப்பதற்குச் சம்மதம் என்றும் பொருள் உண்டு. சம்மதமில்லை என்றும் பொருள் உண்டு. பேச்சியம்மாள் சாக்கை விரித்தார். வாஷரைத் தூக்கிக் காட்டினார். மாட்டி, மூடியை முடுக்கி, பிடியில் கைவைத்து நின்றார். பக்கத்தில் கேன் இல்லை. தண்ணீர் கொண்டுவரக்கூடாது என்று அம்மையார் அன்று அவரிடம் சொல்லியிருந்தார்.

"ஒரு செம்பு தண்ணி வேணும்" என்றார் பேச்சியம்மாள், தெருவைப் பார்த்து.

வீடுகள் திறந்திருந்தன. வாசல்தோறும் ஆட்கள் நின்றார்கள். யாரும் அசையவில்லை. வெயில் சாக்கின் மேல் ஏறிக்கொண்டிருந்தது. தாங்காமல் நான் அக்காள் வீட்டை நோக்கி ஓரடி எடுத்து வைத்தேன். அம்மையார் குடையை என் குறுக்கே நீட்டினார். "நீங்க போகாதீங்க. நீங்க இந்தத் தெருக்காரர் இல்ல."

பேச்சியம்மாள் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சாக்கை மடிக்கக் குனிந்தார். அவருக்கு இருமல் வந்தது; அது நிற்கவில்லை. அந்த இருமலுக்கு நடுவே அக்காள் வெளியே வந்தாள்.

கையில் பித்தளைச் செம்பு இருந்தது. வீட்டின் பின்புறம் கிடந்த ஓட்டை வாளி எனக்குத் தெரியும்; அதை அவள் எடுக்கவில்லை. அது அவள் நாள்தோறும் தண்ணீர் குடிக்கிற செம்பு. வெயிலில் நடந்து வந்து, மேடையின் விளிம்பில் அதை வைத்துவிட்டு இரண்டடி பின்னால் நின்றாள்.

பேச்சியம்மாள் செம்பைப் பார்த்தார். எடுக்கவில்லை. "நீங்களே ஊத்துங்க ஆச்சி. நான் அடிக்கணும்லா" என்றார்.

பின்வாங்க அக்காளுக்கு இடமிருந்தது. தெரு முழுவதும் அவளுக்குப் பின்னால்தான் நின்றது. அவள் செம்பை எடுத்தாள். மேடை ஏறினாள். ஒருவர் ஊற்றாமல் மற்றவர் அடிக்க முடியாது. இருவரும் பம்பின் தலையருகே முகத்தோடு முகம் நிற்கவேண்டியதாயிற்று. அக்காள் ஊற்ற, பேச்சியம்மாள் அடித்தார். தண்ணீர் மேல்வாயில் மோதித் தெறித்தது. இரண்டு பேர் கையும் நனைந்தது. உள்ளே காற்று கொறகொறவென்றது. செம்பு காலியாகும் தறுவாயில் பம்பு பிடித்தது. தண்ணீர் மேடையெங்கும் கொட்டியது. முதலில் குடத்தோடு ஓடிவந்தவள் அக்காளின் மருமகள்தான். பிள்ளை பெற்று முப்பது நாள்கூட ஆகவில்லை, இடுப்பில் துணி இறுக்கிக் கட்டியிருந்தாள்.

அக்காள் செம்பை மேடையில் வைத்துவிட்டு வீட்டுக்குள் போனாள். என் நெஞ்சு நிறைந்துபோயிற்று. செம்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் வாசல்வரை போனேன்.

"அத அங்கனயே வையி" என்றாள் உள்ளிருந்து, திரும்பிப் பாராமலே.

ஈரச் செம்பு கையில் கனத்தது. பின் திரும்பி வந்து, எடுத்த இடத்திலேயே அதை வைத்தேன். அம்மையார் பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சியம்மாளும் பார்த்தார். "சொன்னேன்லா சார்வாள், அந்தச் செம்ப என்ன செய்யன்னு முழிப்பாகன்னு" என்றார். சிரித்தாரா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முகத்தில் தண்ணீர் தெறித்திருந்தது.

அந்தப் பம்பை அதன்பின் யாரும் திறக்கவில்லை. அஞ்சலட்டையும் வரவில்லை. பேச்சியம்மாள் வேலையில் நிலைத்தார். அடுத்த அணிப் பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். பண்டகக் காப்பாளர் அவரிடம் மன்னிப்புக் கேட்டதாக நான் அறியேன். ஆனால் அவருக்கு வாஷர் எடுத்துக் கொடுக்கும்போது எழுந்து நின்று கொடுக்கத் தொடங்கினார்.

மறு கோடையில் அக்காளைப் பார்க்கப் போனேன். செம்பு பம்பு மேடையிலேயே இருந்தது. யாரோ அதன் கழுத்தில் சங்கிலி கோத்துப் பம்பின் காலோடு பிணைத்திருந்தார்கள். பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் அதில் பிடித்துக் குடித்தார்கள். கால்வாய் வறண்டதால் அக்கரைத் தெருப் பெண்கள் இருவர் குடத்தோடு வந்தார்கள். ஒருத்தி அந்தச் செம்பால் தண்ணீர் ஊற்ற, மற்றவள் அடித்தாள். வாசலில் நின்ற யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அக்காள் இலை போட்டாள். புதிதாக ஒரு எவர்சில்வர் செம்பில் தண்ணீர் வைத்தாள். நான் கேட்டுவிட்டேன்: தீட்டுப்பட்டது என்றா அன்றைக்கு அந்தச் செம்பை உள்ளே விடவில்லை?

சோற்றைப் பரிமாறிக்கொண்டிருந்த அவள் கை நிற்கவில்லை.

"ஊருக்குன்னு வச்சத வீட்டுக்குள்ள எடுத்துட்டு வருவாகளா தம்பி?" என்றாள்.

வாழ்நாளில் அவள் ஒரு பொய் சொல்லி நான் அறியேன். அன்று சொன்னது மெய்யா பொய்யா என்றும் எனக்குத் தெரியவில்லை.